கல்நார்த் தூசி: கப்பல் பட்டறைக்கும் ரிஃபைனரிக்கும் போகிற தம்பிகளுக்கு

காரைக்குடிப் பக்கம் எங்கள் கிராமத்தில் தெருவுக்கு நாலு பேராவது சிங்கப்பூரிலோ சவுதியிலோ இருப்பார்கள். வெளிநாட்டு வேலைக்கான டெஸ்ட் அடித்துவிட்டு, வேலை பெர்மிட்டான பாஸுக்காகக் காத்திருக்கும் பையன் ஒருவன் போன வாரம் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, சேஃப்டி கிளாஸ்ல ஆஸ்பெஸ்டாஸ் ஆஸ்பெஸ்டாஸ்னு அரை மணி நேரம் ஓட்டுனாங்க. அது நம்ம மாட்டுக் கொட்டகை மேல கெடக்கே, அந்த ஷீட்டுதானே? அதுல பயப்பட என்னண்ணே இருக்கு?"

ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். வளைகுடா எண்ணெய் ரிஃபைனரிகளில் பன்னிரண்டு வருஷம், ஆலையை நிறுத்திவைத்துப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலைகளில் சேஃப்டி ஆளாகத் திரிந்தவன் நான். அவனுக்கு அந்த நேரத்தில் ஏதோ சொல்லி அனுப்பினேனே தவிர, முழுசாகச் சொல்ல வரவில்லை. சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். வைத்தவர் யாரோ, விஷயம் முழுவதையும் அந்தப் பெயருக்குள்ளேயே அடைத்துவிட்டார். அது ஆலையில் தயாரித்த ரசாயனம் இல்லை. பூமிக்குள் பாறை இடுக்கில் விளைவது. கல்தான், ஆனால் கல்லைப் போல உடையாது. நாரைப் போல உரியும்.

வீட்டில் பூக்கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, நுனியை நகத்தால் கீறி, நீளவாக்கில் கிழிப்பார்கள். ஒரு நார் இரண்டாகும், இரண்டு நாலாகும். ஒவ்வொரு கிழிசலிலும் பருமன் குறையும், நீளம் குறையாது. வாழைநாரில் ஒரு கட்டத்துக்கு மேல் நகம் ஏறாது. கல்நாரில் இந்தக் கிழிசல் கண்ணுக்குத் தெரியாத எல்லையையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்றால், வெள்ளைக் கல்நாரின் கடைசி இழை அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டால் பாக்கி எல்லாம் தானாக விளங்கிவிடும்.

கல்நாரில் ஆறு வகை உண்டு. வியாபாரத்தில் புழங்கியவை மூன்று: வெள்ளையான கிரைசோடைல், நீலமான குரோசிடோலைட், பழுப்பான அமோசைட். வெள்ளை சுருள் சுருளாக இருக்கும். நீலமும் பழுப்பும் ஊசி போல நேராக நிற்கும். நீலம்தான் மோசம், வெள்ளை பரவாயில்லை என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. நேர் ஊசிகள் உடம்பில் அதிக காலம் தங்கும் என்பது உண்மைதான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஆறு வகையையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது.

இத்தனை கெட்டதை மனுஷன் ஏன் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான்? தீ அதைத் தின்னாது. பல நூறு டிகிரி சூட்டிலும் கருகாது. பஞ்சு மாதிரி நூற்கலாம், துணியாக நெய்யலாம், கயிறாக முறுக்கலாம், சிமெண்டோடு பிசையலாம். விலையும் மலிவு. இத்தனையும் ஒரே பொருளில் கிடைத்தால் எந்த இன்ஜினியர் விடுவான்?

குழாய்க்குச் சட்டை

கப்பலும் ரிஃபைனரியும் பார்க்க வேறு வேறு. உள்ளே போனால் இரண்டும் ஒன்றுதான்: சூடும் குழாயும். நீராவியில் ஓடிய பழைய கப்பலின் இன்ஜின் ரூமில் பாய்லர், டர்பைன், அவற்றைச் சுற்றிக் குடல் மாதிரி நீராவிக் குழாய்கள். ரிஃபைனரியில் கச்சா எண்ணெயை ஃபர்னஸில் 350 டிகிரிக்கு மேல் காய்ச்சித்தான் வடிகட்டும் கோபுரத்துக்குள் விடுவார்கள். அங்கிருந்து கிளம்பும் குழாய்கள் கிலோமீட்டர் கணக்கில் நீளும். சூடு வெளியே போனால் எரிபொருள் வீண். தொட்டவன் கை வெந்துபோகும். ஆகவே ஒவ்வொரு குழாய்க்கும் மேலே ஒரு உறை. அதைத்தான் லேகிங் என்பார்கள். சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் துறையில் வேலை பார்த்த எங்கள் பெரியப்பா அதைக் 'குழாய்க்குச் சட்டை போடுறது' என்பார்.

அந்தச் சட்டை தைக்கிற விதத்தைப் பெரியப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாக்குப் பையில் வெள்ளைத் தூள் வரும். டிரம்மில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கையால் பிசைய வேண்டும், சுவர் பூசக் கலவை குழைக்கிற மாதிரி. பையைக் கவிழ்க்கும்போது எழும் தூசியில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாதாம். நேர்க் குழாய்களுக்கு அரைவட்ட அச்சில் வார்த்த துண்டுகள் உண்டு. அவற்றை ரம்பத்தால் அறுத்து இரு பக்கமும் பொருத்தி, கம்பியால் கட்டி, சந்துகளில் கலவையை அப்பி, மேலே துணி சுற்றி வர்ணம் அடிப்பார்கள். வர்ணம் அடித்து முடித்த குழாய் சாது. அதுபாட்டுக்குக் கிடக்கும்.

பழுது பார்க்கும் நாள் வரும்போதுதான் ஆபத்து. குழாய் ஓட்டையானால் சட்டையைக் கழற்ற வேண்டும். இருபது வருஷம் சூட்டில் காய்ந்து பொருபொருத்த லேகிங்கைச் சுத்தியாலும் உளியாலும் கொத்தி எடுப்பார்கள். புதிதாகப் போடுவதைவிடப் பழையதைப் பிய்ப்பதில் தூசி அதிகம். கப்பல் பழுதுபார்ப்பதும் ரிஃபைனரி ஷட்டவுனும் பாதி இந்தப் பிய்க்கிற வேலைதான். அதுவும் கப்பலுக்குள் என்றால் காற்றோட்டம் இல்லாத இரும்புப் பெட்டி.

லேகிங் தவிர இன்னும் இரண்டை ஃபிட்டர்கள் அறிவார்கள். இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டுப் பிணைக்கும் ஃபிளாஞ்சு இணைப்பில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கட், வால்வின் தண்டைச் சுற்றித் திணிக்கும் கிளாண்ட் பேக்கிங் கயிறு. ஒட்டிப்போன பழைய கேஸ்கட்டைக் கம்பி பிரஷ்ஷாலோ கிரைண்டராலோ சுரண்டுவது நான் போன எல்லாத் தளத்திலும் பார்த்த காட்சி. கேஸ்கட் முழுசாக இருக்கும்வரை ஒன்றுமில்லை, சுரண்டினால் அதுவும் தூசிதான். வெல்டருக்கு விரிக்கும் தீப்பொறிப் போர்வை, பாய்லர் ஆட்களின் கையுறை என்று பட்டியல் நீளும்.

யாருக்கு வரும் என்று கேட்டால் லேகிங் போட்டவனுக்கு என்று சொல்லத் தோன்றும். அவனுக்கு மட்டுமில்லை. அவன் பக்கத்தில் வெல்டிங் அடித்தவன், ஒயர் இழுத்த எலக்ட்ரீஷியன், சாரம் கட்டியவன், கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி அள்ளிய ஹெல்பர் எல்லோரும் ஒரே காற்றைத்தான் இழுத்தார்கள். கூட்டியவன்தான் அதிகம் இழுத்தான் என்பது என் அபிப்பிராயம். அவன் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் இன்சுலேஷன் தொழிலாளி என்று இருக்காது.

84 கிலோமீட்டர் வாய்க்கால்

கப்பல் துறையும் ரிஃபைனரியும் அடுத்தடுத்து அமைந்த நீர்வழிகள் உலகில் சில உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் கப்பல் கால்வாய் அப்படிப்பட்டது. 1914இல் பெரிய கப்பல்களுக்குத் திறந்தார்கள். கடலிலிருந்து ஹூஸ்டன் வரை ஏறக்குறைய 84 கிலோமீட்டர். அதன் கரையில் 1920இல் பேடவுன் ரிஃபைனரி ஓடத் தொடங்கியது. 1929இல் டீர் பார்க். இரண்டாம் உலகப் போரில் அதே கால்வாய்க் கரையில் ஒரே கட்டுந்துறை 208 லிபர்ட்டி சரக்குக் கப்பல்களைக் கட்டி இறக்கியது. ஒவ்வொன்றிலும் பாய்லர், ஒவ்வொன்றிலும் நீராவிக் குழாய். கிழக்கே பியூமாண்ட், போர்ட் ஆர்தர், ஆரஞ்சு என்று இன்னொரு கூட்டம் எண்ணெய் ஊர்கள்.

நம் ஆட்களுக்குச் சிங்கப்பூரைச் சொன்னால் சுலபமாகப் புரியும். தீவின் வடக்கே 1938இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் திறந்தது. தெற்கே புகோம் தீவில் 1961இல் முதல் ரிஃபைனரி. பிறகு ஜூரோங் கப்பல் பட்டறைகள். செட்டிநாட்டிலிருந்து லேவாதேவி செய்யப் போனவர்கள் கதையைத்தான் ஊர் பேசும். அதே கப்பலின் கீழ்த்தட்டில் கூலி வேலைக்குப் போனவர்களும் உண்டு. அவர்கள் பர்மா தேக்கில் வீடு கட்டவில்லை, ஆகவே அவர்களைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருவதில்லை.

இப்படிப்பட்ட இடங்களில் தொழிலாளி ஓரிடத்தில் நிற்க மாட்டான். ஆறு மாதம் கப்பல், மூன்று மாதம் ரிஃபைனரி, பிறகு மின் நிலையம். கான்ட்ராக்டரும் மாறுவார், மூட்டையில் இருக்கும் கம்பெனிப் பெயரும் மாறும். முப்பது வருஷம் கழித்து நோய் வரும்போது யாருடைய தூசி என்று எப்படிச் சொல்வது? இந்தச் சிக்கலை நீதிமன்றத்துக்கு இழுத்தவர் கிளாரன்ஸ் போரெல் என்கிற டெக்சஸ்காரர்.

போரெல் 1936இல் இன்சுலேஷன் வேலைக்குச் சேர்ந்து, 1969இல் மூச்சு முட்டி வேலையை விடும்வரை பெரும்பாலும் டெக்சஸிலேயே வேலை பார்த்தவர். அவருடைய சாட்சியம் நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. வேலை முடிந்தால் உடம்பெல்லாம் தூசி, மூக்கைச் சிந்தினால் தூசி. மூக்கில் தைலம் தடவிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். தூசி கெட்டது என்று தெரியும், ஆனால் நுரையீரலில் போய்க் கரைந்துவிடும் என்று தொழிலாளர்கள் நம்பினார்களாம். இந்த இடத்தைப் படித்தபோது எனக்குப் பெரியப்பா நினைவுதான். "சாயங்காலம் ரெண்டு வாழப்பழம் தின்னா எல்லாம் வயித்துக்குப் போயிரும்டா" என்பார்.

போரெல் தன் முதலாளிகளோடு நிற்காமல் பொருளைத் தயாரித்த பதினொரு கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டார். 1970இல், விசாரணை தொடங்குவதற்குள் இறந்துபோனார்; அதற்குள் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் சேர்ந்திருந்தது. மனைவி வழக்கைத் தொடர்ந்தார். 1973இல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஆபத்து தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வேண்டிய கடமை இருந்தும், மூட்டையின் மேல் எச்சரிக்கை எழுதாத ஒவ்வொரு கம்பெனியும் பொறுப்பு. யாருடைய நார் எவ்வளவு என்று பிரிக்க முடியாதபோது எல்லோரும் சேர்ந்தே பொறுப்பு. கிடைத்த தொகை 79,436 டாலர். அதன்பின் வழக்குகள் வெள்ளமாக வந்து, 1982இல் அமெரிக்காவின் மிகப் பெரிய கல்நார்க் கம்பெனியான ஜான்ஸ்-மேன்வில் திவால் மனு கொடுத்தது.

ஒரு வேடிக்கை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1989இல் கொண்டுவந்த கல்நார்த் தடையின் பெரும்பகுதியை 1991இல் ரத்து செய்ததும் அதே ஐந்தாவது வட்டார நீதிமன்றம்தான். வெள்ளைக் கல்நாருக்கு அங்கே தடை உத்தரவு மறுபடி வர 2024 ஆயிற்று.

உள்ளே போனால் என்ன நடக்கும்

சாதாரணத் தூசி மூக்கு மயிரிலும் தொண்டைச் சளியிலும் ஒட்டிக்கொள்ளும். காறித் துப்பினால் போச்சு. கல்நார் இழை மெலிது. காற்றோட்டத்தின் திசையிலேயே நீளவாக்கில் திரும்பிக்கொண்டு, கிளைக்குள் கிளையாகப் பிரியும் சுவாசக் குழாய்களில் நழுவி, கடைசிக் காற்றுப் பைகள் வரை போய்விடும். அங்கே காவலுக்கு மேக்ரோஃபேஜ் என்னும் செல்கள் இருக்கின்றன. கிருமியோ தூசியோ வந்தால் விழுங்கிச் செரிப்பது அவற்றின் வேலை. அந்தச் செல்லின் அகலம் சுமார் 20 மைக்ரான். கல்நார் இழை அதைவிட நீளமாக இருந்தால், தன்னைவிட நீளமான பாம்பை விழுங்கப் போன தவளை கதைதான். முழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. பாதி விழுங்கிய நிலையில் அந்தச் செல் தன் அமிலத்தையும் நொதிகளையும் சுற்றிலும் கக்கும். அதில் வேகிறது நார் இல்லை, பக்கத்துத் திசு. அந்தச் செல் செத்தால் அடுத்தது வரும். அதுவும் அப்படியே. நார் அங்கேயே இருக்கும்.

வருஷக் கணக்கில் இது நடக்கும்போது புண்ணாறிய தழும்பு மேல் தழும்பு விழுகிறது. இள நுங்கு கடுக்காய் நுங்காக முற்றுவது போல நுரையீரல் இறுகுகிறது. இதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். மேடு ஏறினால் மூச்சு வாங்கும், வறட்டு இருமல் வரும். சிலருக்கு விரல் நுனிகள் உருண்டு தடிக்கும். முதுகுப் பக்கம் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் அடிப்பகுதியில் நறநறவென்று கேட்கும். இறுகியது இளகாது, மருந்து ஆறுதலுக்குத்தான்.

இரண்டாவது, நுரையீரலின் மேலுறையில் தடிப்புகள். இவை பெரும்பாலும் தொந்தரவு தராது. ஆனால் எக்ஸ்ரேயில் சுண்ணாம்புத் திட்டுகளாகத் தெரிந்து, 'இவர் கல்நாரில் வேலை பார்த்தவர்' என்று காட்டிக்கொடுக்கும். மூன்றாவது நுரையீரல் புற்று. நாலாவது, போரெலுக்கு வந்த மீசோதீலியோமா: நுரையீரல் உறையிலோ வயிற்று உறையிலோ வரும் அரிய புற்றுநோய். கல்நாரை விட்டால் அதற்கு வேறு பெரிய காரணம் கிடையாது. மற்றவை அதிகத் தூசி தின்றவர்களுக்கு அதிகம் வரும்; இதற்கு மட்டும் கொஞ்ச நாள் பட்டதே போதுமாக இருக்கலாம்.

பீடி சிகரெட் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க இன்சுலேஷன் தொழிலாளர்களை ஆராய்ந்து 1979இல் வந்த கணக்கு இது. கல்நாரும் இல்லாமல் புகையும் இல்லாமல் இருப்பவரோடு ஒப்பிட்டால், கல்நார் மட்டும் பட்டவருக்கு நுரையீரல் புற்றால் சாகும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு. புகை மட்டும் என்றால் சுமார் 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 16 இல்லை, 50க்கும் மேல். கூட்டல் இல்லை, பெருக்கல். லேகிங்கைப் பிய்த்துவிட்டு அதே கையோடு ஒரு தம் போட ஒதுங்கும் தம்பிகள் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு தூசி என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மில்லிலிட்டர் காற்றில் எத்தனை இழை என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார்கள். அமெரிக்காவில் சட்ட வரம்பு 1972இல் 5 இழை. 1976இல் 2 ஆயிற்று, 1986இல் 0.2, 1994இல் 0.1. இருபத்திரண்டு வருஷத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. உடம்பு மாறிவிட்டதா என்ன? தெரிந்துகொண்டதுதான் மாறியது.

கடின வேலை செய்பவன் எட்டு மணி நேரத்தில் சுமார் 10,000 லிட்டர் காற்றை இழுப்பான். அந்தப் பழைய வரம்பான 5 இழை என்றால் ஒரு ஷிஃப்டுக்கு 5 கோடி இழை. இன்றைய 0.1இலும் 10 லட்சம். எல்லாம் உள்ளே தங்கிவிடாது, பெரும்பகுதி வெளியே வந்துவிடும். ஆனாலும் சட்ட வரம்புக்குள் இருக்கிறது என்று ஒரு சூப்பர்வைசர் சொன்னால், 'பாதுகாப்பு' என்று காதில் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

பெரியப்பாவின் காலண்டர்

1956இல் பதினெட்டு வயதில் போய், 1971இல் ஊர் திரும்பினார் பெரியப்பா. கப்பல் பழுது பார்க்கும் துறை ஒன்றில் பதினைந்து வருஷம். திரும்பி வந்து நிலம் வாங்கி நல்லபடியாகத்தான் இருந்தார். டிரங்குப் பெட்டியில் தடித்த வெள்ளைத் துணி ஒன்று கொண்டுவந்திருந்தார். நெருப்பில் போட்டாலும் எரியாது என்று எங்களுக்கு வித்தை காட்டுவார். பெரியம்மா அதைக் கரித்துணியாக வைத்து வருஷக்கணக்கில் அடுப்பிலிருந்து சட்டி இறக்கினார். அது என்ன துணி என்று எனக்குப் புரிந்தபோது நான் ரிஃபைனரியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

2001இல் குன்றக்குடி மலைப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் காசநோய் என்றார். சளியில் கிருமி இல்லாவிட்டாலும் ஆறு மாதம் மாத்திரை. குறையவில்லை. பிறகு மதுரையில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "அய்யா, வாலிபத்துல என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விவசாயம் என்றுதான் சொல்லியிருப்பார். முப்பது வருஷமாக விவசாயிதானே. முதல் தூசியை இழுத்து 45 வருஷம் ஆகியிருந்தது. 2004இல் போய்ச் சேர்ந்தார்.

கல்நாரின் உண்மையான தந்திரம் இந்தக் காலண்டரில்தான் இருக்கிறது. ஆஸ்பெஸ்டோசிஸ் தலைகாட்ட பத்து இருபது வருஷமோ அதற்கு மேலோ பிடிக்கும். மீசோதீலியோமாவுக்கு 20 முதல் 50 வருஷம். அமிலம் கொட்டினால் அன்றைக்கே கை வேகும், கம்பெனி பதில் சொல்லும். கல்நார் கொட்டினால் ஒரு தும்மல் மட்டும். நோய் வரும்போது கான்ட்ராக்டர் இருக்க மாட்டார், கப்பல் உடைபட்டிருக்கும், தொழிலாளி வேறு தேசத்தில் வேறு தொழிலில் இருப்பான். அவன் உடம்பு மட்டும் ரசீது வைத்திருக்கும்.

ஆபத்து தெரியாமல் போனதால் நடந்ததா என்றால் இல்லை. இங்கிலாந்தில் ராக்டேல் ஊரின் ஆலைத் தொழிலாளி நெல்லி கெர்ஷா 1924இல் இறந்தபோதே நுரையீரலில் நாரைக் கண்டார்கள். 1931இல் அங்கே கல்நார் ஆலைகளுக்குத் தனி விதி வந்துவிட்டது. நுரையீரல் புற்றோடு தொடர்பு 1955இல் நிறுவப்பட்டது. மீசோதீலியோமாவோடு 1960இல், தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில். 1965இல் லண்டன் ஆய்வொன்று, தொழிலாளிகளின் துணியைத் துவைத்த வீட்டுப் பெண்களுக்கும் அந்த நோய் வந்ததைக் காட்டியது. இந்தக் கடைசி இரண்டும் வந்தபோது பெரியப்பா சிங்கப்பூரில் கலவை பிசைந்துகொண்டிருந்தார்.

இந்தியாவில் கல்நார் வெட்டியெடுக்கும் சுரங்கங்களுக்குப் புதுக் குத்தகை கொடுப்பது 1986இல் நின்றது. இறக்குமதியும் ஷீட் தயாரிப்பும் நிற்கவில்லை. ஆண்டுக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல் வருகிறது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவை, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகளோ, வேலையை விட்டபின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை கம்பெனி வைத்திருக்க வேண்டும் என்றது. தொழிலாளியின் ஆரோக்கியம் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றும் சொன்னது. அந்த 40 வருஷம் ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். நம் நாட்டுச் சட்டத்தில் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலிலும் இந்த நோய்கள் உண்டு.

கப்பல்களில் புதிதாகக் கல்நார் பொருத்துவதை சர்வதேச விதி 2002 ஜூலையிலிருந்து பெரும்பாலும் தடுத்தது. 2011 ஜனவரியிலிருந்து முழுக்கத் தடை. சிங்கப்பூர் கட்டடங்களில் 1989இலேயே நிறுத்தியாயிற்று. அப்படியானால் இனிப் பயமில்லையா? பழைய கப்பல்களை உடைத்தாக வேண்டுமே. குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைக்க வந்துகொண்டிருந்த பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் கிளமான்சோவை, அதிலிருந்த கல்நாரால் எழுந்த எதிர்ப்பில், 2006 பிப்ரவரியில் நடுவழியில் திருப்பி அழைத்தார்கள். அது பேர் பெற்ற கப்பல். பேர் இல்லாத கப்பல்களை யார் திருப்பி அழைப்பார்? ரிஃபைனரியும் அப்படித்தான். 1980க்கு முன் கட்டியதென்றால், பளபளக்கும் அலுமினியத் தகட்டுக்கு உள்ளே எது இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும்.

ஆகவே தம்பி, வெள்ளையாகவோ சாம்பலாகவோ பொருபொருத்த பழைய லேகிங் கண்ணில் பட்டால் நீயாக உரிக்காதே. கண்ணால் பார்த்து இது கல்நார், இது கண்ணாடிப் பஞ்சு என்று சொல்ல எனக்கே வராது. மாதிரி எடுத்து லேபில்தான் பார்க்க வேண்டும். எங்கெங்கே கல்நார் இருக்கிறது என்று பார்த்து எழுதிய சர்வே ரிப்போர்ட் எங்கே என்று கேள். கேட்டால் முறைப்பார்கள், முறைக்கட்டும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் அதற்குப் பயிற்சி பெற்ற தனிக் குழு உண்டு: இடத்தைத் திரை போட்டு அடைப்பார்கள், நனைத்து எடுப்பார்கள், பையில் கட்டி முத்திரை வைப்பார்கள். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டால் மணல் தடுபடும், கல்நார் தடுபடாது. முகத்தோடு கச்சிதமாகப் படியும், இதற்கென்ற ஃபில்ட்டர் உள்ள மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் படியாது. காற்றுக் குழாயால் உடம்புத் தூசியை ஊதுவது எல்லாத் தளத்திலும் நடக்கும் முட்டாள்தனம். காய்ந்த தரையை விளக்குமாறால் கூட்டுவதும் அப்படியே. வேலைத் துணியை ரூமுக்குக் கொண்டுவராதே. பங்க் பெட்டில் எட்டுப் பேர் தூங்கும் அறை அது.

இன்னொன்று, இதற்குக் காசு ஆகாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. எந்த வருஷம், எந்தத் தளம், எந்தக் கப்பல், யார் கான்ட்ராக்டர், என்ன வேலை, கூட யார் இருந்தார்கள். பாஸ் நகல், சம்பளச் சீட்டு, கப்பல்காரர் என்றால் கப்பல் வேலையைப் பதியும் சி.டி.சி. புத்தகம், எல்லாம் அதனுள். இருபது வருஷம் கழித்து எந்த டாக்டரிடம் போனாலும் அந்த நோட்டை முதலில் மேஜை மேல் வை. போய் வந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். இருமல் இருந்தால் எக்ஸ்ரே எடுக்கும்போது பழைய வேலையையும் சொல்லுங்கள், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் மூச்சு ஊதும் சோதனையும் எடுப்பார்கள்.

இனி மாட்டுக் கொட்டகை. அந்த ஷீட்டில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் நார், மீதி சிமெண்ட். சிமெண்ட் அதைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. கையால் நொறுக்கினால் தூளாகிற லேகிங்குக்கும் இதற்கும் வித்தியாசம் நிறைய. முழுசாக மேலே கிடக்கும்வரை கீழே நிற்கும் மாட்டுக்கும் மனுஷனுக்கும் பெரிய தொந்தரவு இல்லை. கட்டர் மெஷின் வைத்து அறுப்பது, டிரில் போடுவது, பாசி போகக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, இதெல்லாம் செய்தால் கப்பல் பட்டறையை வீட்டுக்கே கொண்டுவந்த மாதிரி. 2018 நவம்பரில் கஜா புயல் பிய்த்துப் போட்ட ஷீட்டுகளைத் தெருப் பள்ளத்தில் போட்டு வண்டி ஏற்றி நொறுக்கினோமே, அது நாங்கள் செய்த மடத்தனம். நான்கூட நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பையனின் அப்பா தகரம் மாற்றப் போகிறாராம். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டை மட்டும் கழற்றி, ஷீட்டை உடைக்காமல் முழுசாக இறக்கி, தார்ப்பாயில் சுற்றி வைக்கச் சொன்னேன். "சரிண்ணே, சுத்தி வச்சு அப்புறம்?" என்றான். இந்த மாதிரிக் கழிவுகளைப் புதைக்கும் இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். பதினாலு ஷீட்டுக்கு லாரி வாடகை கேட்டுப் பார்த்தோம், புதுத் தகரத்தின் விலையைத் தாண்டியது. இப்போதைக்குத் தார்ப்பாய்க்குள், வேலியோரம், மாடு முட்டாத மூலையில் கிடக்கிறது.